ரயிலடியிலிருந்து வீட்டு வாசல் வரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கல்லூரித் தேர்வுகளை முடித்துவிட்டு, வேலைக்கான ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு, தென்மாவட்டங்களிலிருந்தும் டெல்டா மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் சென்னைக்கு வந்து இறங்கும் காலம் இது. தங்கள் நாளிதழின் வீடு, மனை பக்கங்களிலும் இந்த மாதங்களில் வாடகை பற்றிய கட்டுரைகள் தொடர்ந்து வருகின்றன. எந்தப் பகுதியில் என்ன வாடகை, எங்கே புதிய அடுக்ககங்கள் எழுகின்றன, எந்தச் சாலையில் மெட்ரோ வரப்போகிறது என்பவையெல்லாம் அவற்றில் விரிவாகச் சொல்லப்படுகின்றன. ஆனால், முதல் சம்பளத்தை நம்பி வீடு பிடிக்கும் ஒரு பெண்ணோ, பள்ளி செல்லும் குழந்தையோடு வரும் ஒரு சிறு குடும்பமோ முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. இரவு எட்டரை மணிக்கு ரயிலையோ பேருந்தையோ விட்டு இறங்கியவர், அங்கிருந்து தம் வீட்டு வாசலுக்கு எப்படிப் போய்ச் சேருவார் என்பதே அந்தச் செய்தி. அதைப் பற்றித்தான் இக்கடிதம்.

நான் வில்லிவாக்கத்தில் நெடுங்காலமாகக் குடியிருப்பவள். எழும்பூர்ப் பக்கம் ஓர் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். ஊரிலிருந்து வேலைக்கு வரும் உறவுக்காரப் பிள்ளைகள், வீடோ விடுதியோ அமையும்வரை எங்கள் வீட்டில் தங்குவது வழக்கம் என்பதால், ஆண்டுதோறும் யாருக்காவது வீடு பார்க்கத் துணைக்குப் போகும் பொறுப்பு என்னிடம் வந்து சேருகிறது. அப்படிப் போய்வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. நடுத்தரச் சம்பளக்காரர் கொடுக்கக்கூடிய வாடகையில், அச்சமின்றி வாழக்கூடிய, வேலைக்குப் போய்வர முடிகிற பகுதிகள் சென்னையில் இன்னும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை புறநகர் ரயில் பாதைகளை ஒட்டியே இருக்கின்றன. அவற்றை மக்கள் தயங்காமல் தேர்ந்தெடுக்க முடியாதபடி செய்வது, நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான்.

வீடு தேடுகிறவர்கள் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, அலுவலகம் எத்தனை கிலோமீட்டர் என்று முதலில் பார்க்கிறார்கள். சென்னையில் அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க இயலாது. கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரத்தை அது இன்றும் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது. சாலையில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் அந்த நேரம் மாறுவதில்லை. பழைய மாமல்லபுரம் சாலையிலோ, அதைவிடக் குறைந்த தூரத்தை மாலையில் பேருந்தில் கடக்க அதற்கும் கூடுதலான நேரம் ஆவதை அன்றாடம் போய்வருகிறவர்கள் அறிவார்கள். 2000-ல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது முதல் கணினி நிறுவனங்கள் அந்தச் சாலை நெடுகிலும் சிறுசேரி வரை பெருகின. தரமணியைத் தாண்டி அந்தச் சாலையில் ரயில் மட்டும் போய்ச் சேரவில்லை. இப்போது 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகள் நடந்துவருவதால், இருந்த சாலையும் பல இடங்களில் குறுகிக் கிடக்கிறது.

“மெட்ரோ வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லியே தரகர்கள் வீடுகளைக் காட்டுகிறார்கள். மெட்ரோ வரட்டும், அதை நானும் வரவேற்கிறேன். ஆனால் வரப்போகும் ரயிலுக்காக இன்றே கூடுதல் வாடகை கொடுப்பது சம்பளக்காரருக்குத் தாங்காது. 2007-ல் வேளச்சேரி வரை வந்துசேர்ந்த பறக்கும் ரயிலைப் பரங்கிமலையோடு இணைக்க மீதமிருந்தது ஐந்து கிலோமீட்டர் மட்டுமே. நிலம் எடுப்பதில் ஏற்பட்ட சிக்கல்களால் அது பத்தாண்டுகளுக்கும் மேலாக முடங்கிக் கிடந்தது. அந்த இணைப்பை நம்பி ஆதம்பாக்கத்திலும் புழுதிவாக்கத்திலும் குடியேறியவர்கள், அந்த ஆண்டுகள் முழுவதும் கண்ணெதிரே நின்ற தூண்களைப் பார்த்துக்கொண்டே பேருந்துக்குக் காத்திருந்தார்கள். வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இன்று ஓடுகிற வண்டியை வைத்தே கணக்கிட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

இன்று ஓடுகிற வண்டிகளில் புறநகர் ரயிலுக்கு இணையானது வேறில்லை. அதன் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். மாதச் சீட்டு எடுத்துக்கொண்டால் செலவு இன்னும் குறையும். மேற்குப் பாதையில் வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அன்னனூர், ஆவடி ஆகிய ஊர்கள், பாரிமுனை, சென்ட்ரல், எழும்பூர் வட்டாரங்களில் வேலை பார்ப்பவர்களுக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குச் செல்பவர்களுக்கும் மிகப் பொருத்தமானவை. சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவுக்கு மாறினால் கிண்டியும் விமான நிலையமும் கூட எட்டும் தூரம்தான். மெட்ரோவின் உச்சக் கட்டணம் 50 ரூபாய் என்பதால் நாள்தோறும் மாறிச் செல்வது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பதையும் சொல்ல வேண்டும். தெற்குப் பாதையில் பல்லாவரம், குரோம்பேட்டை முதல் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி வரையுள்ள பகுதிகள், மாம்பலம், கிண்டி போகிறவர்களுக்கும், தாம்பரம் ஏற்றுமதி வளாகம், மறைமலைநகர், பரனூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஏற்றவை. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்டத்துக்காரர்களுக்கு வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் குடியிருப்பதில் இன்னொரு வசதியும் சேர்ந்துகொண்டது. முன்பு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கோயம்பேடு வரை நகரத்தைக் குறுக்கே கடந்துபோய் ஊர்ப் பேருந்து ஏறியவர்கள், இப்போது வீட்டுக்கு அருகிலேயே ஏறிக்கொள்கிறார்கள்.

வடசென்னை என்றதும் முகம் சுளிப்பவர்கள் பலர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2021 பிப்ரவரி முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. புறநகர் ரயிலும் உண்டு. திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் இரவு நெடுநேரம்வரை கடைகள் திறந்திருக்கின்றன, தெருவில் ஆள்நடமாட்டம் இருக்கிறது, ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்த குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பகுதிக்கு உண்மையிலேயே இருக்கும் இடர், மணலி, எண்ணூர் ஆலைகளின் காற்றும் கழிவும்தான். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியதும், அதே மாதத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடியதும் நாம் எல்லோரும் படித்த செய்திகள். அது அங்கே வாழும் மக்களின் குற்றமாகப் பார்க்கப்படுவது எனக்கு வேதனை தருகிறது.

கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் என்று நான் சொன்னதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். என் தங்கை மகளுக்குச் சிறுசேரியில் வேலை கிடைத்தது. அவளுடைய தோழிகள் வேளச்சேரியைச் சொன்னார்கள். வாடகை அவளுக்கு எட்டவில்லை. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை தெற்குப் பாதையையும் பழைய மாமல்லபுரம் சாலையையும் இணைப்பதால், ரயில் பாதையை ஒட்டி ஒரு வீடு பார்த்துக்கொண்டு அந்தச் சாலை வழியாகப் பேருந்தில் போகலாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். தரகர் காட்டிய முதல் வீடு புதியது. மொசைக் தரை இல்லை, பளபளக்கும் டைல்ஸ். காற்றோட்டமான இரண்டு அறை. வாடகையும் அவள் நினைத்ததைவிடக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் பார்த்தபோது அந்தத் தெருவில் ஒரு குறையும் தெரியவில்லை. முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை நாளில் இரவு ஒன்பது மணிக்கு இதே வழியில் நடந்து பார்ப்போம் என்றேன். “எதுக்குப் பெரியம்மா, பகல்லயே பார்த்தாச்சே” என்றாலும் அவள் வந்தாள்.

நிலையத்தின் கிழக்கு வாசலில் இறங்கியதும் வெளிச்சமும் இரைச்சலும் இருந்தன. பழக்கடை, பிரியாணிக் கடை, மருந்துக் கடை, வரிசையில் நிற்கும் ஷேர் ஆட்டோக்கள். முந்நூறு அடி தாண்டியதும் கடைகள் முடிந்தன. அதற்கப்பால் வீடு கட்டாத மனைகள்; அவற்றில் ஆளுயரத்துக்குச் சீமைக் கருவேலம் மண்டியிருந்தது. தெருவிளக்குக் கம்பங்கள் இருந்தன, ஆனால் அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றுதான் எரிந்தது. கோயில் திருப்பத்துக்குப் பிறகு அதுவும் இல்லை. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய பள்ளத்தை மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். கைப்பேசி விளக்கைக் காலடியில் அடித்துக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது. வழியில் எதிர்ப்பட்டவர்கள் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் மட்டும்தான். நடந்துபோன ஒரு பெண்ணைக் கூட நாங்கள் காணவில்லை. திரும்பி வரும்போது ஒரு ஷேர் ஆட்டோக்காரரிடம் அந்தத் தெருவுக்கு வருவீர்களா என்று கேட்டேன். “உள்ள வர மாட்டோம்மா, திரும்பி வர்றப்ப சவாரி கிடைக்காது. கோயில்கிட்ட இறக்கி விட்டுடுவேன்” என்றார். அவர் சொன்னதில் தவறொன்றும் இல்லை. அவருடைய பிழைப்பு அது. அந்த வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நிலையத்திலிருந்து கடைத்தெரு வழியாகவே நடந்து போகக்கூடிய ஒரு பழைய வீட்டின் மாடியை, உடன் வேலை பார்க்கும் இருவரோடு சேர்ந்து அவள் எடுத்துக்கொண்டாள். அறை சிறியது, படிக்கட்டு குறுகல், வாடகை கூடுதல். எனினும் மூவர் பங்கிட்டபோது அது தாங்கக்கூடியதாகிவிட்டது.

உள்ளே தள்ளியிருக்கும் வீடு மலிவானது என்ற எண்ணத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மாதம் 3,000 ரூபாய் வாடகை குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷேர் ஆட்டோவுக்குப் போக 20, வர 20 என்றால், 25 வேலை நாளைக்கு 1,000 ரூபாய். வாரத்துக்கு இரண்டு நாள் நேரமாகி, தனி ஆட்டோவில் 120 ரூபாய் கொடுத்துப் போக நேர்ந்தால், அது ஏறக்குறைய இன்னொரு 1,000. மிச்சப்பட்டது மூன்றில் ஒரு பங்குதான். 2013-ல் அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்தக் கட்டணத்தில் இரவில் புறநகர்த் தெருவுக்குள் வரும் ஆட்டோ எங்கும் இல்லை என்பதால்தான் 120 என்று போட்டேன். பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பயணம் இலவசம். வீட்டு வேலைக்கும் துணிக்கடைகளுக்கும் போகும் பல்லாயிரம் பெண்களின் கையில் மாதந்தோறும் மீதம் நிற்கும் பணம் அது. ஆனால் அந்தப் பேருந்து பெருஞ்சாலையோடு போய்விடுகிறது. 2013-ல் மாநகரப் போக்குவரத்துக் கழகம் சிற்றுந்துகளைத் தொடங்கியது பெருஞ்சாலைக்கு உள்ளேயிருக்கும் தெருக்களுக்காகத்தான். அவை போதிய எண்ணிக்கையில், இரவு பத்து மணி வரை, ரயில் வரும் நேரத்தை ஒட்டி ஓடினால், இன்று பாதுகாப்பில்லை என்று ஒதுக்கப்படும் எத்தனையோ தெருக்கள் குடியிருக்கத் தக்கவையாகிவிடும்.

பாதுகாப்பு என்பதைப் பலர் வாயிற்காவலரும் சுற்றுச்சுவரும் உள்ள வளாகம் என்று புரிந்துகொள்கிறார்கள். அந்த வளாகத்துக்கு வெளியே நூறு அடி இருட்டாக இருந்தால், உள்ளே எத்தனை கேமரா இருந்தும் என்ன பயன்? நான் பார்ப்பது வேறு. இரவு ஒன்பதரைக்கு ஒரு தேநீர்க் கடையோ மாவுக் கடையோ திறந்திருக்கிறதா? தெருவில் பெண்கள் பேசிக்கொண்டு நிற்கிறார்களா? தெருமுனையில் இஸ்திரி வண்டி இருக்கிறதா? இஸ்திரி போடுகிறவருக்கு அந்தத் தெருவின் ஒவ்வொரு வீடும் தெரியும். யார் எப்போது வருகிறார், போகிறார் என்பதும் தெரியும். மதுக்கடை எந்தத் திருப்பத்தில் இருக்கிறது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். நிலையங்களைப் பொறுத்தவரை, 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை வேளையில் நடந்த கொலைக்குப் பிறகுதான் அங்கே கண்காணிப்புக் கேமரா கூட இல்லை என்பது ஊருக்குத் தெரிந்தது. அதன்பின் கேமராக்கள் வந்தன. ஆனால் பறக்கும் ரயில் நிலையங்களில் பல, பெரிய கான்கிரீட் கட்டடங்களாக எழுப்பப்பட்டு, மேல் தளங்களில் கடைகளோ அலுவலகங்களோ இல்லாமல் வெறிச்சோடிக் கிடக்கின்றன. அவற்றின் படிக்கட்டுகளில் இரவில் தனியாக இறங்க ஆண்களே தயங்குகிறார்கள். ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் 2022 முதல் தனித்தனிக் காவல் ஆணையரகங்கள் செயல்படுகின்றன. புறநகருக்குக் காவலர்கள் கூடுதலாகக் கிடைக்க இது வழிசெய்திருக்கிறது. அந்த ரோந்து, கடைசி இரண்டு மூன்று ரயில்கள் வந்து சேரும் நேரத்தில் நிலையங்களின் வெளிவாசலில் நின்றாலே பெரிய துணையாக இருக்கும்.

அடுத்து மழை. மலிவான வாடகைக்குப் பின்னால் தண்ணீர் இருக்கும் என்பதைச் சென்னைக்காரர்கள் 2015 டிசம்பரில் கற்றுக்கொண்டார்கள். அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் முதல் ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரை வீடுகளை மூழ்கடித்தது. 2021 நவம்பரில் நகரின் நடுவே தியாகராய நகரே நீரில் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் மக்கள் மின்சாரமும் பாலும் இல்லாமல் நாள்கணக்கில் மாடிகளில் தவித்தார்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியது. அதற்குள் அதன் பெரும்பகுதி கட்டடங்களாகவும் குப்பைமேடாகவும் மாறிவிட்டது என்பது துயரம். ஊரிலிருந்து கோடையில் வந்து வீடு பார்க்கும் ஒருவருக்கு இது எதுவும் தெரிய வாய்ப்பில்லை. வீட்டுக்காரர்கள் “எங்கள் தெருவில் தண்ணீரே வராது” என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் சுவர்கள் பொய் சொல்வதில்லை. சுற்றுச்சுவரில் புதுச் சுண்ணாம்புக்குக் கீழே ஒரே மட்டமாக ஓடும் பழுப்புக் கோடு தெரிகிறதா என்று பார்க்கச் சொல்வேன். மின்மீட்டர்ப் பெட்டி பழைய இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டுத் தலைக்கு மேலே ஏற்றப்பட்டிருந்தால், அந்த வீட்டுக்காரர் ஒருமுறையாவது வெள்ளத்தைப் பார்த்தவர் என்று பொருள். தரைத்தள வீட்டின் வாசற்படி சாலையைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்பது இன்னொரு அடையாளம். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனதால், முன்பு சாலைமட்டத்துக்கு மேலே கட்டிய வீடுகள் இன்று பள்ளத்தில் இருக்கின்றன. சுரண்டிய பின்னரே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்திய பிறகும் சில தெருக்களில் பழைய பழக்கமே தொடர்கிறது. ரயில் பாதைக்கு அந்தப்புறம் வீடு என்றால், சுரங்கப்பாதையில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குமா என்பதையும் விசாரிக்க வேண்டும். வீடு மேட்டில் இருந்தும், வழி மூழ்கிப்போனால் வேலைக்குப் போக முடியாது.

வாடகையோடு சேர்ந்து வரும் மற்றச் செலவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெட்ரோ வாட்டர் எனப்படும் குடிநீர் வாரியத்தின் இணைப்பு இருக்கிறதா, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பா, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அதன் செலவு யார் தலையில் என்று கேட்க வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது வாடகைக்கு நிகராகத் தண்ணீருக்குச் செலவு செய்த குடும்பங்களை நான் அறிவேன். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரத்தை அரசு இலவசமாகத் தருகிறது. துணை மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை வாங்கும் வீட்டுக்காரர்கள் அந்தச் சலுகையைக் குடித்தனக்காரருக்குக் கொடுப்பதில்லை. முன்பணம் பத்து மாத வாடகை என்பது சென்னையின் பழைய வழக்கம். 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. 12,000 ரூபாய் வாடகைக்கு ஒன்றேகால் லட்சத்தை நெருங்கும் தொகையைப் புரட்டுவதற்கும் 36,000 ரூபாய் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு, நகையை அடகு வைத்து மகளைச் சென்னைக்கு அனுப்பும் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் ஆராய்ந்து ஒரு நல்ல தெருவைத் தேர்ந்தெடுத்த பிறகும், வாசலில் நிற்க வைத்து, “தனியாக இருக்கும் பெண்ணுக்குக் கொடுப்பதில்லை”, “சைவம் என்றால் மட்டும்”, “நீங்கள் என்ன ஆட்கள்?” என்று கேட்கும் வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாதியையும் மதத்தையும் கேட்டு வீட்டை மறுப்பது, வாடகை கொடுக்க முடிகிற, ஒழுங்காக வாழ்கிற ஒருவரை நிலையத்திலிருந்து மேலும் மேலும் தொலைவுக்கு, மேலும் இருண்ட தெருக்களுக்குத் தள்ளுகிறது. என் வயதை ஒத்த வீட்டுக்காரர்கள் இதைத் தயவுசெய்து எண்ணிப் பார்க்க வேண்டும். பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதிகள் தாம்பரம் போன்ற இடங்களில் நல்ல முறையில் வந்திருக்கின்றன. அவற்றை ரயில் நிலையங்களை ஒட்டியே இன்னும் பல இடங்களில் கட்ட வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாதவர்களையும் இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2000 முதல் கண்ணகி நகருக்கும், அதன்பின் செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெருமளவில் பெரும்பாக்கத்துக்கும் நகரின் நடுவிலிருந்து அனுப்பப்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது. வேலை பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் வாழ்ந்தபோது நடந்துபோய் நான்கு வீடுகளில் வேலை செய்த பெண்கள், விடியற்காலைப் பேருந்தைப் பிடித்தால்தான் ஒரு வீட்டு வேலையையாவது காப்பாற்றிக்கொள்ள முடியும் என்ற நிலைக்கு வந்தார்கள். வெள்ளத்திலிருந்து காப்பதற்காக என்று சொல்லிக் கொண்டுபோய் விட்ட இடமே சதுப்புநிலத்தின் விளிம்பில் இருப்பதால், 2023-ல் அங்கேயும் தண்ணீர் சூழ்ந்தது. அரசு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும், சம்பளக்காரர் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவற்றையே பார்த்திருக்க வேண்டும்.

எனவே, தங்களிடமும் சம்பந்தப்பட்ட துறைகளிடமும் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். தங்கள் வீடு, மனை பக்கங்களில் ஒரு பகுதியைப் பற்றி எழுதும்போது, வாடகையோடு சேர்த்து, அந்தப் பகுதி 2015, 2021, 2023 மழைகளில் எப்படி இருந்தது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கடைசி ரயிலும் கடைசிப் பேருந்தும் எத்தனை மணிக்கு, நிலையத்திலிருந்து உள்தெருக்களுக்குச் சிற்றுந்தோ ஷேர் ஆட்டோவோ உண்டா என்பவற்றையும் அச்சிட வேண்டும். தங்கள் செய்தியாளர்கள் ஒருமுறை இரவில் நடந்து பார்த்து எழுதினால், வாசகர்களுக்கு அது பெரும் உதவியாக இருக்கும். பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் பயணச்சீட்டு எடுக்கும் வசதி 2025-ல் சென்னைக்கு வந்துவிட்டது. 2010-ல் சட்டம் இயற்றப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்துச் செயல்படத் தொடங்கிய ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சீட்டுகளை ஒன்றாக்கியதைப் போலவே நிலையங்களின் வெளிவாசலையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். ரயில்வேயின் எல்லை படிக்கட்டோடு முடிகிறது. மாநகராட்சியின் விளக்கு அடுத்த தெருவில் தொடங்குகிறது. நடுவிலுள்ள இருட்டு யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது.

முதற்கட்டமாக, ஆவடி முதல் வில்லிவாக்கம் வரையிலும், பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரையிலும் உள்ள ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் இரண்டு கிலோமீட்டர் அளவுக்கு, தெருவிளக்கு, நடைபாதை, சிற்றுந்து ஆகிய மூன்றையும், ரயில்வே, மாநகராட்சிகள், நகராட்சிகள், மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஆகியவை ஒன்றாகச் சேர்ந்து ஆய்வு செய்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் சீர்செய்ய வேண்டும் என்றும், உள்தெருக்களுக்குப் போகும் கடைசிச் சிற்றுந்தின் நேரத்தை ஒவ்வொரு நிலைய வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வில்லிவாக்கம், சென்னை.